போய்ப் போய் வரும் கரண்டும் என் கணக்கு மேசையும்

மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்னும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அன்று 19ஆம் தேதி, ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள். மாலை ஐந்தரை மணிக்கு என்னிடம் ஆறு கடைகளின் கணக்கு பாக்கி இருந்தது. பேச்சிப்பாறை மலைப்பக்கம் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மார்த்தாண்டத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவருடைய பில்களைப் பதிந்துகொண்டிருந்தேன். கரண்டு போனது. கரண்டு போனால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் பெட்டி மேசைக்கடியில் ஒருமுறை கத்தியது. அடுத்த கத்தலுக்கு முன்பே திரை கறுத்துவிட்டது. நான்கு நொடி இருந்திருக்கும்.

இரண்டு நிமிடத்தில் கரண்டு வந்தது. கணினியைப் போட்டேன். கணினி எழுந்தது, அந்தக் கடையின் கணக்குக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. பழுது பார்க்கும் வசதியை ஓட்டிப் பார்த்தேன். பாதி விவரம் வந்தது, வந்ததிலும் தொகைகள் ஒத்துப்போகவில்லை. கடைசியாக நான் பேக்கப் எடுத்தது 8ஆம் தேதி. ஆக, 11 நாள் வேலை போயிற்று. கடைக்காரருக்குப் போன் செய்து சொல்ல நாக்கு எழவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பில் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, கடைப் பையன் கையில் இரவு எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டார். விடியற்காலை மூன்றரைக்கு முடித்தேன்.

மறுநாள் யுபிஎஸ்ஸைத் திறந்து பார்த்தபோது உள்ளே பேட்டரி பலாக்கொட்டை போல உப்பியிருந்தது. வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடமும் முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விளக்கு சொல்வது சுவரிலிருந்து கரண்டு வருகிறது என்பதை மட்டும்தான், பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

திருவட்டாறு பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர், தேன் வியாபாரி, இரண்டு மருந்துக் கடை, இப்படிப் பதினைந்து பேர். எல்லோரும் நம்பித் தருகிற காகிதங்கள். அதனால் கரண்டு விஷயத்தில் நான் அடிபட்டுக் கற்றதை, வீட்டில் கணினி வைத்து வேலை பார்க்கும் மற்றவர்கள் அடிபடாமலே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்: கோதையாற்றில் நீர்மின் நிலையம் இருக்கிறது, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை நிற்கிறது, உங்களுக்கு ஏன் கரண்டு போகிறது? அங்கே உண்டாகும் மின்சாரம் பெரிய லைன்களில் ஏறி எங்கெங்கோ போகிறது. எங்கள் பிரச்சினை கடைசி ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. கம்பி போகும் வழியெல்லாம் தென்னை, ரப்பர், அயினி, பலா. இடவப்பாதி மழையும் எங்களுக்கு உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. காற்றடித்து ஒரு தென்னைமடல் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்தால், துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து லைனைச் சார்ஜ் செய்து பார்ப்பார்கள். மடல் இன்னும் கிடந்தால் மறுபடி விழும். இப்படிப் பத்து நிமிடத்தில் மூன்று, நான்கு தரம் கரண்டு போய்ப் போய் வரும். கணினிக்கு இதுதான் கெடுதல். ஒரேயடியாக நாலு மணி நேரம் போய்விட்டால் கணினியை மூடிவைத்துவிட்டுத் துணி மடிக்கலாம். போய்ப் போய் வரும் கரண்டு, எழுந்துகொண்டிருக்கும் கணினியையே மறுபடி மறுபடி விழத்தள்ளுகிறது. கோப்பு எழுதப்படும் நேரத்தில் விழுந்தால் அந்தக் கோப்பு பாதியில் நிற்கும்.

இதனால் நான் முதலில் மாற்றிக்கொண்டது ஒரு பழக்கத்தை. கரண்டு வந்த உடனே கணினியைப் போடுவதில்லை. பத்து நிமிடம் நிலையாக நின்றால்தான் போடுவேன். காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

இன்வெர்ட்டர் இருந்தால் கணினிக்கு யுபிஎஸ் எதற்கு என்று நானும் நினைத்தேன். வீட்டில் 150 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தது. கரண்டு போனால் மின்விசிறி நிற்காது, விளக்கு இமைக்கக்கூட இமைக்காது. ஆனால் கணினி மட்டும் சில நேரம் அணைந்து மறுபடி எழும், சில நேரம் தப்பிக்கும். நாள்கணக்கில் இது எனக்குப் புதிராக இருந்தது. எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வயரிங் செய்த மாமா வந்து இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு சின்ன சுவிட்ச். "இத இவ்வளவு நாளா நீ பாக்கவே இல்லியா மக்களே?" என்றார்.

விஷயம் இதுதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதாவது ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். மேசைக் கணினியின் உள்ளே இருக்கும் பவர் சப்ளை, கரண்டு அறுந்த பிறகும் முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும்படி செய்யப்படுகிறது. பழசானால் அதுவும் குறையும். இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் இருந்தால் பேட்டரிக்கு மாற 30, 40 மில்லிசெகண்ட் வரை எடுக்கலாம். விசிறிக்கு அது ஒன்றுமே இல்லை, கணினிக்கு அது மரணம். சுவிட்சை யுபிஎஸ் நிலைக்குத் தள்ளினால் 10 மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் இந்தச் சுவிட்ச் பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கிறது. வாங்கி வைத்த நாளிலிருந்து அதை யாரும் பார்ப்பதில்லை.

சுவிட்சைத் தள்ளினேன். கணினி அணைவது நின்றது. அப்புறம் வேறொரு தொல்லை வந்தது. யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட் வரைதான் ஏற்கும். எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வரிசையில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் மோட்டாரும் மிக்ஸியும் ஓடும்போது எங்களுக்கு 175 வந்துகொண்டிருந்தது. கரண்டு இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவித் தாவி, உண்மையிலேயே கரண்டு போகும் நேரத்தில் பேட்டரி காலியாகக் கிடந்தது.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இது. இன்வெர்ட்டரைச் சாதாரண நிலையிலேயே விட்டுவிட்டேன், அந்த நிலையில் அது 100 வோல்ட் அளவு வரைகூடப் பொறுத்துக்கொள்ளும். கணினிக்கு மட்டும் அதற்குப் பின்னால் லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் ஒன்று. இந்த வகைக்குள் வோல்டேஜைச் சற்று ஏற்றி இறக்கித் தரும் ஏற்பாடும் உண்டு, அதனால் ஒவ்வொரு சின்னத் தாழ்வுக்கும் பேட்டரியைத் தொடாது. மில்லிசெகண்ட் இடைவெளியை யுபிஎஸ் பார்த்துக்கொள்ளும், மணிக்கணக்கை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்டதுதான் என் பழைய தவறு. ஆனால் இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்டு போலவே சீரான அலையாகத் தரும் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டர் தரும் கரண்டைப் பல யுபிஎஸ்கள் ஒழுங்கான கரண்டாகவே மதிப்பதில்லை. பேட்டரியில் ஓடிக்கொண்டே கத்தி, கடைசியில் அணைந்துவிடும். என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-அவர் (Wh). பெட்டியில் 600 என்று எழுதியிருந்தாலும் அது தாங்கும் சுமை பெரும்பாலும் 360 வாட்தான். என் மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து 110 வாட். காகிதத்தில் முக்கால் மணி நேரம் வர வேண்டும். வராது. இவ்வளவு வேகமாக வடிக்கும்போது ஈயப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தருவதில்லை, மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். புதிதில் எனக்கு இருபது நிமிடம் வந்தது, இரண்டாம் வருடம் ஏழு நிமிடம். இந்தப் பேட்டரிகளின் ஆயுள் இரண்டு மூன்று வருடம், வெக்கையில் இன்னும் சீக்கிரம் சாகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 12ஐ 150ஆல் பெருக்கினால் 1,800. முழுக்க வடிக்கக் கூடாது என்பதால் நடைமுறையில் 1,000 முதல் 1,200 வரை கைக்கு வரும். மேசைக் கணினி, 70 வாட் பழைய விசிறி, இரண்டு எல்இடி விளக்கு, ரூட்டர் எல்லாம் சேர்த்தால் 200 வாட்டைத் தாண்டும், ஐந்து மணி நேரத்தில் முடியும்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மடிக்கணினிக்கு மாறினேன். அது இழுப்பது 35, 40 வாட். விசிறியையும் கரண்டு குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றியபோது அதே இன்வெர்ட்டர் பேட்டரி கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம் தாங்கியது. பெரிய பேட்டரி வாங்கக் கடைக்காரர் சொன்னார். சுமையைக் குறைத்தது எனக்கு மலிவாக முடிந்தது. மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருப்பதால் மில்லிசெகண்ட் கவலையும் இல்லை. வீட்டு வேலைக்குப் புதிதாகக் கணினி வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மடிக்கணினியைத்தான், பெரிய திரை வேண்டுமானால் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

இதுவரை சொன்னது கரண்டு போவதைப் பற்றி. இடி வேறு விஷயம், அதற்கு யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் காவல் இல்லை.

ஒரு மே மாத மதியம். கோடை இடி. கரண்டு அதற்கு முன்பே போயிருந்தது. நான் கணினியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன், அந்த நிம்மதியில் அடுக்களையில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையில் எங்கோ இறங்கியது. சன்னல் அதிர்ந்தது. மழை விட்ட பிறகு பார்த்தால் ரூட்டர் செத்திருந்தது, கணினியில் ரூட்டர் வயரை மாட்டும் இடமும் செத்திருந்தது. அப்போது இணையம் வந்துகொண்டிருந்தது செம்புக் கம்பித் தொலைபேசி லைனில். அந்தக் கம்பியைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை. மின்னலின் அதிர்ச்சி மின்கம்பியில்தான் வரும் என்று இல்லை. தொலைபேசிக் கம்பி, மொட்டைமாடி டிஷ் கேபிள், வாசல் கேமராவின் வயர் என்று வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் எந்த உலோகமும் அதற்கு வழி. இப்போது ஃபைபர் வந்துவிட்டது, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் இழுவைக்காகக் கேபிளோடு சேர்ந்து வரும் எஃகுக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே கட்டி நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே கொண்டுவர விடாதீர்கள்.

சுவிட்சை அணைப்பது போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவிட்ச், கரண்டு வரும் பேஸ் கம்பியை மட்டும்தான் அறுக்கிறது. திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அப்படியே கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதிர்ச்சி அதன் வழியாகவும் வரும். பிளக்கையே பிடுங்க வேண்டும். அதையும் தலைக்கு மேல் இடிக்கும்போது போய்ப் பிடுங்கக் கூடாது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குவேன். சத்தம் வர எத்தனை நொடி ஆகிறதோ அதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். தூரத்து உறுமல் கேட்கத் தொடங்கியதுமே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறேன். பக்கத்தில் வந்த பிறகு எதையும் தொடுவதில்லை. பொருள் போனால் வாங்கலாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பை மாமா பார்த்தார். கணினிப் பெட்டியை ஈரக் கையால் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன். எர்த் சரியாக இல்லாத வீட்டில் பவர் சப்ளையின் உள்ளமைப்பினாலேயே கணினியின் உலோகப் பெட்டியில் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும், அதுதான் அந்தச் சுருக். மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தார். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 30ஐத் தொட்டது. "எர்த்து காஞ்சு கெடக்கு மக்களே. தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சி?" நான் ஒருநாளும் ஊற்றியதில்லை. எங்கள் மனை மேட்டில் இருக்கிறது, கீழே பாறை. கோடையில் மண் வறண்டால் எர்த்தும் செத்துவிடும். கிணற்றடிப் பக்கம், எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில், புதுக்குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். இப்போது பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

எர்த் சரியான பிறகுதான் மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் வைத்தோம். அது அதிகப்படியான மின்னழுத்தத்தை எர்த்துக்குள் திருப்பிவிடும் பொருள். எர்த்தே இல்லாத வீட்டில் அதை வைத்துப் பயனில்லை. கடைகளில் ஸ்பைக் பஸ்டர் என்று விற்கும் பலவும் வெறும் எக்ஸ்டென்ஷன் போர்டு. உள்ளே பாதுகாப்புப் பொருள் இருந்தாலும் ஒன்றிரண்டு பெரிய அடிக்குப் பிறகு அது தேய்ந்துபோகும், வெளியில் தெரியாது.

மெயின் போர்டில் இன்னொன்றும் வைத்திருக்கிறேன், அதற்கும் ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் மாலை திடீரென்று விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன, விசிறி பறப்பது போல் சுற்றியது. அம்மா உள்ளேயிருந்து, "பிள்ளே, மெயின ஆஃப் பண்ணு" என்று கத்தினார்கள். ஓடிப்போய் அணைத்தேன். மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருந்தது. நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரும். சுமை குறைந்த வீட்டுக்கு 300, 350 என்று ஏறும். பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜும் டிவியும் போயிற்று. நாங்கள் அம்மாவால் தப்பினோம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நடந்திருந்தால்? அதற்குத்தான் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர். அளவு தாண்டினால் தானே அறுக்கும், நிலைமை சரியாகி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து தானே சேர்க்கும். நான் சொன்ன அந்தப் பத்து நிமிடப் பழக்கத்தைக் கொஞ்சம் அதுவும் செய்துவிடுகிறது.

ஒக்கி புயலைப் பற்றிச் சொல்லாமல் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் யாரும் கரண்டைப் பற்றி எழுத முடியாது. 2017 நவம்பர் 30. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஜிஎஸ்டி வந்திருந்தது, கடைக்காரர்களும் நானும் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டிருந்தோம். ஒரே இரவிலும் பகலிலுமாக ரப்பரும் வாழையும் தென்னையும் படுத்துவிட்டன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்டு ஒன்பதாம் நாள் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களின் துயரத்துக்கு முன்னால் என் கணக்கு வேலை எம்மாத்திரம். ஆனாலும் டிசம்பர் 20 வந்துகொண்டிருந்தது.

இன்வெர்ட்டர் மறுநாள் காலையே முடிந்தது. எந்த யுபிஎஸ்ஸும் ஒன்பது நாளுக்கு இல்லை. அப்போது கைகொடுத்தது ஒன்றுதான்: கணக்குகளின் நகல் ஒரு பென்டிரைவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வடசேரியில் சித்தி வீட்டுக்குப் போனேன், அந்தத் தெருவில் எங்களுக்கு முன்பே கரண்டு வந்திருந்தது. சித்தி மகளின் கணினியில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். இயந்திரத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடிய வேண்டும் என்பதை அந்த நாட்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. அப்படித் தெரிந்திருந்தும் பின்னாளில் 11 நாள் பேக்கப் எடுக்காமல் இருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த நாட்களில் கண்ட ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சிலர் வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து, ஒரு வயரை நேரே வீட்டுப் பிளக் பாயின்டில் சொருகி முழு வீட்டையும் எரியவிட்டார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் உயர் அழுத்தமாக மாறி, லைனில் ஏறிவிடும். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து மழையில் கம்பத்தில் நின்றுகொண்டிருந்த ஊழியர்கள் அந்த லைனைத்தான் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து தனி எக்ஸ்டென்ஷன் போட்டு வேண்டிய பொருளை மட்டும் மாட்டுங்கள். வீடு முழுக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, லைன் அல்லது ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஜெனரேட்டரை முற்றத்தில், வாசல் சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். மழைக்குப் பிறகு கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள்.

இணையமும் கரண்டுதான். கணினி ஓடியும் ரூட்டர் அணைந்தால் தாக்கல் செய்ய முடியாது. ரூட்டருக்கென்று உள்ளங்கை அளவில் மினி யுபிஎஸ் வருகிறது, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். லித்தியம் செல், 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கும், எனக்கு மூன்றரை மணி நேரம் வருகிறது. வாங்கும்போது ரூட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சிலது 9 வோல்ட். ஆனால் கேபிள்காரர் அறையில் இருக்கும் பேட்டரியும் ஒரு கட்டத்தில் முடியும். அதற்கு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று போனில் வைத்திருக்கிறேன். ஓடிபி வருவதற்கும் போன் உயிரோடு இருக்க வேண்டும், ஆகவே பவர் பேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முதல்நாளே நாளிதழில் வந்துவிடும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து. அதைக் காலண்டரில் குறித்துவைத்து, அன்று காகித வேலை செய்கிறேன், பில்களை அடுக்குவது, விடுபட்டதைக் கேட்டுப் போன் செய்வது.

இப்போது என் பேக்கப் முறை இது. ஒரு கடையின் வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை மூடிவிடுவேன், திறந்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதில்லை. மாலையில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன். மாட்டியபடியே இருக்கும் டிஸ்க் மின்னலில் கணினியோடு சேர்ந்து போகும், அது நகலாகாது. வெள்ளிக்கிழமை ஒரு நகல் பூட்டுப் போட்டு இணையத்துக்குப் போகிறது. பேட்டரி 20 சதவீதம் ஆனால் மடிக்கணினி திறந்திருப்பதைச் சேமித்துவிட்டுத் தானே அணையும்படி (ஹைபர்னேட்) வைத்திருக்கிறேன். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள், யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி வயர் மாட்டும் வசதி இருந்தால் மாட்டிவிடுங்கள். நீங்கள் சந்தைக்குப் போயிருக்கும்போது கரண்டு போனாலும் கணினி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும்.

மாதத்தின் முதல் ஞாயிறு பேட்டரி நாள். யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, முக்கியமான எதுவும் திறந்திருக்காத நேரத்தில், ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கிறேன். வாங்கிய தேதி மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதியிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியின் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். கிணற்றுத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கூடாது. முன்பு அந்தப் பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் கதவு போட்ட இடத்தில் வைத்திருந்தோம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும், அடைத்த இடத்தில் அது ஆபத்து. இப்போது கம்பி வலை போட்ட வராந்தாவில் இருக்கிறது. முனைகளில் வாசலின் தடவுகிறேன். குளச்சல் பக்கம் இருக்கும் என் தங்கைக்கு இன்னும் அடிக்கடி தடவ வேண்டியிருக்கிறது, உப்புக்காற்று பிளக் கம்பியைக்கூடப் பச்சைபிடிக்க வைத்துவிடும்.

போன மாதம் அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். பிகாம் முடித்து, ஒரு ஆடிட்டரிடமிருந்து வீட்டிலேயே செய்ய வேலை வாங்கியிருக்கிறாள். கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தது. "அக்கா, இன்வெர்ட்டர் வாங்கட்டா?" என்று கேட்டாள். மடிக்கணினி ஏற்கெனவே வைத்திருந்தாள். இன்வெர்ட்டர் அப்புறம் பார்க்கலாம் என்றேன். மாமாவை அழைத்துப் போய் அவள் வீட்டு எர்த்தை அளக்கச் சொன்னேன். எர்த் கம்பி மீட்டர் பெட்டிக்குக் கீழே துருப்பிடித்து அறுந்தே கிடந்தது. முதல் செலவு அதற்குப் போயிற்று. அடுத்து ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர், அடுத்து ரூட்டருக்கு மினி யுபிஎஸ், மிச்சத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். பராமரிப்பு நாட்களில் மதியத்துக்கு மேல் மடிக்கணினிச் சார்ஜ் தீர்ந்ததும், சார்ஜரைக் கையில் சுற்றிக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடுகிறாள். இன்வெர்ட்டர் இரண்டு மடிக்கணினியைத் தாங்குகிறது.